டியர் என்னும் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மேடையில் திரை கட்டி முடியும் வரை ஏதேனும் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். தமிழ்ச் சங்கத்தின் மேடையில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று யாரும் முகம் சுளிக்க வேண்டா. நம்முள் பெரும்பாலோர் அலுவலகத்தில் நாள்தோறும் எழுதும் சொல் அது. 'டியர்' என்பதே அச்சொல்.

மைய அரசின் அலுவலகங்களில் இச்சொல் படும் பாட்டை நாம் அறிவோம். ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்திற்கு முறைப்படி எழுதும் கடிதத்தில் வெறும் 'சார்' போதும். அங்கே அன்புக்கு இடமில்லை. வெளியாருக்கு எழுதும்போது 'டியர் சார்' ஆகிறது. கோரிக்கையை ஏற்க இயலாது என்று அடுத்த வரியிலேயே சொல்லப் போகின்றோம். ஆயினும் தொடக்கத்தில் அவர் நமக்கு அன்பர். டி.ஓ. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் கடிதத்தில்தான் 'மை டியர்' என்று உறவு நெருங்குகின்றது. நெடுநாள் கிடப்பில் கிடக்கும் கோப்பைப் பற்றி எழுதும்போது அந்த 'மை டியர்' எவ்வளவு சூடானது என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள்! இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலேயர்க்கு 'மை டியர்' என்பது வெறும் 'டியர்' என்பதைவிட நெருக்கமானது. அமெரிக்கர்களோ முற்காலத்தில் 'மை டியர்' என்பதையே விலகி நின்று எழுதும் மரியாதைச் சொல்லாகக் கொண்டிருந்தனர்.

இனி, மாதக் கடைசியில் நம் வீடுகளில் பேசப்படும் மற்றொரு டியருக்கு வருவோம். 'டியர்னஸ் அலவன்ஸ்' என்பதைச் சொல்கிறோம். ஜனவரியிலும் ஜூலையிலும் அது எத்தனை விழுக்காடு உயரும் என்று கணக்கிடாத குடும்பம் இந்தக் காலனியில் இல்லை. இரண்டாம் உலகப் போரை ஒட்டி உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, அதனை ஈடு செய்ய வந்த படி இது. அன்பு என்று பொருள்படும் சொல் சம்பளப் பட்டியலில் எப்படி வந்து உட்கார்ந்தது?

பழைய ஆங்கிலத்திலிருந்தே இச்சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. ஒன்று, விலை மிகுந்தது. மற்றொன்று, நெஞ்சுக்கு இனியது. 'டார்லிங்' என்ற சொல் இதிலிருந்து பிறந்தது. பஞ்சம், பற்றாக்குறை என்று பொருள்படும் 'டெர்த்' என்ற சொல்லும் இதிலிருந்தே பிறந்தது. கொஞ்சும் சொல்லும் பஞ்சத்தின் பெயரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் வியப்பாக இல்லையா? ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் 'டாயர்' என்ற சொல்லுக்கும் இதே இரண்டு பொருள். பிரெஞ்சு மொழியின் 'ஷேர்' என்ற சொல்லும் அப்படியே. லத்தீனில் 'காரிதாஸ்' என்பது விலையேற்றத்தையும் குறித்தது, அன்பையும் குறித்தது. அதன் வழியாகவே ஆங்கிலத்திற்குச் 'சாரிட்டி' வந்து சேர்ந்தது.

எளிதில் கிட்டாதது விலை ஏறுகிறது. அதனையே மனம் பொத்தி வைத்துக்கொள்கிறது. இந்த எண்ணம் ஐரோப்பியர்க்கே உரியது என்று நினைத்துவிட வேண்டா. 'அருமை' என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரிது என்றால் கிடைப்பதற்குக் கடினமானது. அந்த அருமைதான் 'அருமை மகள்' என்று குழைகின்றது. நம் தாய்மார்கள் குழந்தையைக் கொஞ்சும்போது கேளுங்கள்: தங்கமே, முத்தே, மாணிக்கமே, என் செல்வமே என்று நகைக்கடையையே வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறார்கள். டியர்னஸ் அலவன்ஸுக்கு மட்டும் நம்மவர்கள் அன்பைக் கலக்கவில்லை. முன்னர் அதனைப் பஞ்சப்படி என்றார்கள். இன்று அகவிலைப்படி என்கிறோம். அகவிலை என்றால் தானியத்தின் விலை. நம் குழந்தைகள் பள்ளியில் கற்கும் இந்தியிலும் அது 'மஹங்காயீ பத்தா'தான். அங்கும் விலையேற்றம் மட்டுமே உண்டு.

இத்தனையும் சொல்ல நேர்ந்தது ஒரு தபால் அட்டையினால்.

மணியார்டரும் தபால் அட்டையும் புழங்கிய நாட்களில், நம் காலனியில் இருந்த ஒரு சிறுவன் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் இருந்த தன் பாட்டிக்குக் கடிதம் எழுதினான். டில்லியில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் எழுத்துகளை அப்பொழுதுதான் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தான். ஆகவே ஆங்கிலத்தில், 'டியர் பாட்டி' என்று தொடங்கி, தேர்வு முடிந்தது, இந்தக் கோடைக்கு ஊருக்கு வரவில்லை என்று அப்பா சொல்கிறார், என்று நான்கு வரி எழுதியிருந்தான். பாட்டிக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. அடுத்த வீட்டுப் பள்ளி மாணவன்தான் அவருக்கு வரும் கடிதங்களையெல்லாம் படித்துச் சொல்பவன். அவன் தன் புலமையைக் காட்ட வேண்டும் என்று கையகராதியைப் புரட்டினான். கண்ணில் பட்ட முதல் பொருளையே எடுத்துக்கொண்டு, "விலை அதிகமான பாட்டிக்கு" என்று படித்தான்.

திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை. "குழந்தை சரியாகத்தான் எழுதியிருக்கிறான். நாலு பேர் ரயிலேறி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போக என்ன செலவாகும்? அவன் அப்பன் சம்பளத்தில் அது முடியுமா?" என்றாராம்.

அந்த மாணவன் தன் பதில் கடிதத்தில் இதனையும் விடாமல் எழுதிவிட்டான். கடிதம் இங்கு வந்த அன்று, அந்த வீட்டில் இரவு வெகு நேரம் விளக்கு எரிந்தது. ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னை வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து மற்றோர் இரவுப் பயணம், நான்கு டிக்கெட், போய் இறங்கினால் உறவினர்க்கெல்லாம் செய்ய வேண்டிய முறைகள். கணக்கு எப்படிப் போட்டாலும் இடித்தது. நம்மில் யார் வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை? பெற்றோரைக் காணும் ஆண்டுகளையும் காணாத ஆண்டுகளையும் நாம் அந்தக் காகிதத்தில்தானே முடிவு செய்திருக்கிறோம்? அவர்கள் அந்தக் கோடையில் போகவில்லை. நிலுவைப் படி கைக்கு வந்த பின்னர், குளிர்கால விடுமுறையில் பொங்கலுக்கு முன்பே போய் வந்தார்கள். சிறுவனுக்குப் பள்ளியில் பத்து நாள் வருகை குறைந்தது.

பயணம் உறுதியானதும் பாட்டிக்கு முதலில் எழுதியவன் அவன்தான். இம்முறை தமிழிலேயே எழுதினான். பாட்டியை எப்படி விளிப்பது என்று தாயிடம் கேட்டிருக்கிறான். 'அன்புள்ள' என்று எழுதலாமே என்றாராம் தாய். அது பள்ளிப் புத்தகத்தில் எல்லோருக்கும் எழுதுவது ஆயிற்றே, வேறு சொல் வேண்டும் என்று பிடிவாதம் செய்திருக்கிறான். 'அருமைப் பாட்டிக்கு' என்று சொல்லிக் கொடுத்தார். அவன் அதனைப் பெரிய பெரிய எழுத்துகளில், 'அறுமைப் பாட்டிக்கு' என்று வல்லின றகரம் போட்டு எழுதி அனுப்பிவிட்டான்.

அடுத்த வீட்டு மாணவன் இம்முறை அகராதியை எடுக்கவில்லையாம். எழுத்துப் பிழையைப் பற்றியும் வாய் திறக்காமல், சரியாகவே படித்துக் காட்டியிருக்கிறான்.

திரை கட்டியாகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.