பாப்பிங் ராடு வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க தோளைக் கேளுங்க

ராயப்பேட்டையில என் ரூம்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு மழை இல்லை, கீழ் வீட்டு மோட்டார் சத்தமும் இல்லை, அதனால ஆடியோ கொஞ்சம் சுத்தமா இருக்கும்னு நம்புறேன்.

போன ரெண்டு மூணு எபிசோடுக்கு வந்த மெயில்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. "அந்தமான் போறேன் ப்ரோ, ஜி.டி. பிடிக்கணும். எந்த ஹெவி பாப்பிங் ராடு வாங்கலாம்?" ஜி.டி.ன்னா ஜயன்ட் ட்ரெவல்லி. நம்ம ஊர்ல பாறைன்னு சொல்ற குடும்பத்தோட ராட்சசன். 2006ல ஜப்பானோட தொக்கரா தீவுகள் பக்கம் பிடிச்ச 72.8 கிலோ மீன்தான் உலக சாதனை. அவ்வளவு பெருசு நமக்கு வேண்டாம். 15 கிலோ மீனே போதும், நம்ம திமிரை அடக்கிடும்.

இந்தக் கேள்விக்கு நான் ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா நான் ரெண்டு தடவை தப்பான ராடோட போயிருக்கேன். ஒரு தடவை ரொம்ப பெருசு, ஒரு தடவை ரொம்ப சின்னது. ரெண்டாவது தப்புக்கு ஒரு மீன் செத்துப்போச்சு. அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

முதல்ல இந்த மீன்பிடிப்பு என்னன்னு புரிஞ்சுக்கலாம். பாப்பர்ங்கிறது முன்பக்கம் குழிவா இருக்கிற பெரிய மரக்கட்டை இல்லைன்னா பிளாஸ்டிக் மீன். 100ல இருந்து 200 கிராம் வரைக்கும் எடை வரும். அதைத் தூரமா வீசி, ராடால வெடுக்குனு இழுக்கணும். தண்ணிமேல "டபுக்"னு சத்தத்தோட நுரை கிளம்பும். கீழே பவளப்பாறைப் பக்கம் சுத்துற மீன் அதைக் கேட்டு மேலே வந்து அடிக்கும். அடிச்ச அடுத்த நொடி தலைகீழாப் பாறைக்குள்ளே பாயும். நூல் பாறையில உரசினா கதை முடிஞ்சது. அதனாலதான் இதுக்கு ஹெவி ராடு. மீனோட எடையைத் தூக்குறதுக்காக இல்லை, அந்த முதல் பாய்ச்சலை நிறுத்துறதுக்காக.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். நீங்க சென்னைக் கரையில, கோவளத்துல, முட்டுக்காடு முகத்துவாரத்துல வீசுறவரா இருந்தா இந்த ராடு உங்களுக்கு வேண்டவே வேண்டாம். நம்ம கரை பெரும்பாலும் மணல். ஷீலாவுக்கும், தோல் பாறைக்கும், எப்போவாவது வர்ற வஞ்சிரத்துக்கும் 40 கிராம், 60 கிராம் லூர் வீசுற ராடு தாராளம். காசை மிச்சம் பண்ணுங்க.

சரி, முதல் தப்பு.

மூணு வருஷம் முன்னாடி முதல் அந்தமான் ட்ரிப். நான் சாஃப்ட்வேர் ஆள். ஸ்பெக் ஷீட் பார்த்தே எல்லாத்தையும் வாங்குறவன். லேப்டாப் வாங்கும்போது அதிக ரேம் எடுக்குற மாதிரி, ராடுலயும் பெரிய நம்பரா எடுத்தேன். 8 அடி 3 அங்குலம், பி.இ. 10. ஒரு மாசச் சம்பளத்துல பாதிக்கு மேல போச்சு. வீட்டுல விலையைச் சொல்லலை, இன்னும் சொல்லலை. அம்மா இதைக் கேட்க மாட்டாங்கங்கிற தைரியத்துல பேசுறேன்.

பி.இ.ன்னா பாலிஎத்திலீன், பிரெய்டு நூலோட பொருள். பக்கத்துல இருக்கிற நம்பர் நூலோட பருமனைச் சொல்லுது, பலத்தை இல்லை. பி.இ. 1 சுமார் 0.165 மில்லிமீட்டர். பி.இ. 8 சுமார் 0.47 மில்லிமீட்டர். அதாவது நம்பர் எட்டு மடங்கு ஏறினா குறுக்குவெட்டுப் பரப்புதான் எட்டு மடங்கு. விட்டம் மூணு மடங்கு கூட ஆகாது. ராடுமேல பி.இ. 8னு எழுதியிருந்தா, அந்தப் பருமன் நூலுக்காகச் செஞ்சதுன்னு அர்த்தம். அதே பருமன்ல ஒரு கம்பெனி நூல் 80 பவுண்டு தாங்கும், இன்னொண்ணு 100 பவுண்டு தாங்கும்.

அந்த ராடோட போர்ட் பிளேர்ல இறங்கினேன். 2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தினாங்களே, அதே ஊர். காலையில ஆறு மணிக்குப் படகு கிளம்புச்சு. முதல் அரை மணி நேரம் ஹீரோ மாதிரி இருந்தேன். எட்டு மணிக்குத் தோள் எரிய ஆரம்பிச்சது. பத்து மணிக்கு என் பாப்பர் படகுல இருந்து இருபது மீட்டர்லயே விழுது. பதினோரு மணிக்கு நிழல்ல உட்கார்ந்துட்டேன். படகோட்டி அண்ணன் தமிழ்க்காரர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் கேட்டார்: "தம்பி, மீன் இன்னும் வரவே இல்லை. நீ யாரோட சண்டை போட்டுக்கிட்டு இருக்க?"

ரூமுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வீச்சுன்னா அஞ்சு மணி நேரத்துல 150 வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் பத்துத் தடவையாவது பாப்பரை வெடுக்குனு இழுக்கணும். 1,500 இழுப்பு. கையில ராடு, முக்கால் கிலோ ரீல், முன்னாடி 150 கிராம் பாப்பர். அதுல மீனோட சண்டை போடுற நேரம்? நாள் நல்லா இருந்தா பதினஞ்சு நிமிஷம். நான் அந்தப் பதினஞ்சு நிமிஷத்துக்காக ராடு வாங்கினேன். மீதி அஞ்சு மணி நேரத்தை யோசிக்கவே இல்லை. அந்த மூணு நாள்ல எனக்கு ஒரு அடி கூட விழலை. சோர்ந்துபோன கையால வீசின பாப்பர், மீன் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

இப்போ ரெண்டாவது தப்பு.

அடுத்த வருஷம் சூடு பட்ட பூனை கணக்கா நேர் எதிரா போனேன். ஃப்ரெண்டுகிட்ட பி.இ. 5 ராடு இரவல் வாங்கினேன். லேசா, அழகா இருந்துச்சு. நாள் முழுக்க 80 கிராம் லூரைப் பாட்டுக் கேட்டுக்கிட்டே வீசினேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் ஒரு ஜி.டி. அடிச்சது. அதிர்ஷ்டம், மீன் பாறைக்குள்ளே போகாம ஆழத்துக்கு ஓடுச்சு. ராடு அடி வரைக்கும் வளைஞ்சு நின்னுடுச்சு. டிராக்கை இறுக்கினா ராடு உடையும், விட்டா மீன் ஓடும். நாற்பது நிமிஷம். படகுல எல்லாரும் கை தட்டுறாங்க, வீடியோ எடுக்குறாங்க. மீன் மேலே வந்தப்போ பக்கவாட்டுல சாய்ஞ்சு கிடந்துச்சு.

பெரிய ஜி.டி.யைப் பிடிச்சவங்க திரும்ப விடுறது வழக்கம். பெரிய மீன்தான் நிறைய முட்டை போடும், அது இருந்தாத்தான் அடுத்த தலைமுறை. நாங்களும் வாலைப் பிடிச்சு, தலையைத் தண்ணிக்குள்ள வெச்சு, படகை மெதுவா முன்னாடி நகர்த்தினோம். செவுள் வழியா தண்ணி ஓடணும்னு. இருபது நிமிஷம் பார்த்தோம். அது திரும்பலை. அன்னைக்கு ராத்திரி குழம்பு. நானும் சாப்பிட்டேன், ருசியாத்தான் இருந்தது. ஆனா அது நான் விடுறதா நினைச்சுப் பிடிச்ச மீன்.

திரும்பி வந்து நொச்சிக்குப்பத்துல ஒரு அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். லூப் ரோட்டுல மீன் வாங்கப் போற பழக்கம். அவர் கையில தங்கூஸ் நரம்பு அறுத்த தழும்பு வரிவரியா இருக்கும், ராடெல்லாம் அவருக்கு விளையாட்டுச் சாமான். அவர் சிரிக்கலை. "சாப்பிடப் பிடிச்சா சாப்பிடு. விடுறதுக்குப் பிடிச்சா சீக்கிரம் விடு. நாற்பது நிமிஷம் எதுக்குப்பா அதை இழுத்துக்கிட்டு இருந்த?" எனக்குப் பதில் வரலை.

ஆக, ராடு உங்களை மீன் வர்றதுக்கு முன்னாடியே களைக்க வைக்கக்கூடாது. மீன் வந்த பிறகு அதைச் சாகடிக்கிற அளவுக்கு இழுக்கவும் விடக்கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல உங்க உடம்புக்கு எது சரியோ அதுதான் உங்க ராடு. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் பண்றதைச் சொல்றேன்.

ஒண்ணு, டிராக்கைத் தூக்கிப் பாருங்க. நூலோட பலத்துல கால்வாசியில இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் டிராக் வைக்கிறது பொதுவான கணக்கு. 80 பவுண்டு நூல்னா சுமார் 36 கிலோ, அதுல மூணுல ஒரு பங்கு 12 கிலோ. பேப்பர்ல சின்ன நம்பராத் தெரியும். ஃப்ரெண்டோட ராடை இரவல் வாங்குங்க. படிக்கட்டுல மேலே நின்னு, கீழே 5 லிட்டர் தண்ணி கேனை நூல்ல கட்டி, ராடை 45 டிகிரிக்கு மேல தூக்காம கேனைக் கிளப்பிப் பாருங்க. அது வெறும் 5 கிலோ. அப்புறம் 10 லிட்டர் பக்கெட். மெட்ரோ வாட்டர் குடத்தை இடுப்புல வெச்சு மூணு மாடி ஏறுறவங்க கூட இதுல திணறுவாங்க. உங்களால எவ்வளவு தாங்க முடியுதோ அதுதான் உங்க டிராக். அதுக்கு மேல தாங்குற ராடுக்குக் குடுக்கிற காசு வீண். மொட்டை மாடியில வீசிப் பழகினா ஒரு எச்சரிக்கை: கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். நம்ம ஏரியாவுல மாடியை ஒட்டி ஈ.பி. லைன் போகுது. மேலே பார்த்துட்டு ராடைத் தூக்குங்க.

ரெண்டு, நீளம். இது நெம்புகோல் கணக்கு. ராடோட அடி இடுப்பு பெல்ட்ல நிக்குது. உங்க முன்கை அங்கிருந்து 60 சென்டிமீட்டர்ல இருக்கு. வளைஞ்ச ராடோட நுனி 1.2 மீட்டர் தள்ளி இருக்குன்னு வைங்க. மீன் 10 கிலோ இழுத்தா உங்க கை 20 கிலோ இழுக்கணும். ராடு விறைப்பா, வளையாம, நுனி 2 மீட்டர் தள்ளி நின்னா 33 கிலோ. அதாவது நீளமும் விறைப்பும் மீனுக்குச் சாதகம், நமக்கு இல்லை. நீளமான ராடு தூரமா வீசும், அது உண்மை. படகு உயரமா இருந்து, நீங்களும் உயரமா இருந்தா 8 அடிக்கு மேல போகலாம். நான் 5 அடி 5 அங்குலம். எனக்கு 7 அடி 8 அங்குலம் சரியா வருது.

மூணு, வளைவு. நுனி மட்டும் வளையிற ராடு கடையில ஜம்முனு இருக்கும். ஆனா நடுவரைக்கும் வளையிற ராடுதான் பாரம் ஏறும்போது நெம்புகோலைச் சுருக்கி உங்க முதுகைக் காப்பாத்தும். எதுவா இருந்தாலும் மீன் படகடியில வந்ததும் ராடை நெட்டுக்குத்தா தூக்காதீங்க. பாரம் முழுக்க மெல்லிசான நுனிப் பக்கம் போய் அங்கேயே முறியும். சில கம்பெனிகள் அதிகபட்ச டிராக்கைக் கோணத்தோட சேர்த்தே எழுதுறாங்க. அந்த வரியைப் படிங்க.

நாலு, லூர் எடை. ராடுல 200 கிராம் வரைக்கும்னு போட்டிருந்தா, அதுக்கு வசதியான எடை அதைவிடக் குறைவாத்தான் இருக்கும். நீங்க அதிகமா வீசப்போறது 120 கிராம்னா, அது நடுவுல வர்ற மாதிரி ராடு எடுங்க.

அஞ்சு, சின்ன விஷயங்கள். ரீல் பூட்டுற இடத்துல இருந்து கைப்பிடியோட முனை வரைக்கும் உள்ள நீளம் அதிகமா இருந்தா, இழுக்கும்போதெல்லாம் விலாவுல இடிக்கும். கைடு ஒவ்வொண்ணுக்குள்ளேயும் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுத்துங்க. பஞ்சு மாட்டினா அங்கே கீறல் இருக்கு, அது பிரெய்டை அறுத்துடும். கைடு வளையம், எஃப்.ஜி. முடிச்சும் தடிச்ச லீடரும் தட்டாம போற அளவுக்கு இருக்கணும். அப்புறம் ஃப்ளைட். இந்த ராடுல பலதும் கைப்பிடி மட்டும்தான் கழலும், மேல் பகுதி ஒரே துண்டு. வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஏர்லைன்ஸ் எவ்வளவு நீளம் அனுமதிக்குதுன்னு பாருங்க. நான் ஹார்டுவேர் கடையில பி.வி.சி. பைப் வாங்கி, ரெண்டு பக்கமும் மூடி போட்டு அதுக்குள்ளே வெச்சு எடுத்துட்டுப் போறேன். ஆட்டோக்காரர் "பிளம்பரா சார்?"னு கேட்டார்.

கடைசியா நான் எடுத்தது பி.இ. 8, நடுவரைக்கும் வளையிறது, 150 கிராம் வரைக்கும் வீசுறது. அந்த முதல் ராடைப் பாதி விலைக்கு வித்தேன். வாங்கினவர் ஆறடி, ஜிம்முக்குப் போறவர். அவருக்கு அது சரியான ராடு. ராடுமேல எனக்குக் கோபம் இல்லை.

போன மார்ச்ல மூணாவது ட்ரிப். ரெண்டு மீன் அடிச்சது. ஒண்ணு பாறையில நூலை அறுத்துட்டுப் போச்சு. முட்களோட கொக்கிமுனையை முன்னாடியே நசுக்கி வெச்சிருந்தேன், அதனால அது பாப்பரைச் சீக்கிரம் உதறியிருக்கும்னு நம்புறேன். இன்னொண்ணு பன்னிரண்டு நிமிஷத்துல படகுக்கு வந்துச்சு. எடை போடலை. ஒரு போட்டோ, அவ்வளவுதான். தண்ணியில வெச்சு வாலைப் பிடிச்சேன். நான் விடுறதுக்குள்ள அதுவே என் கையை உதறிட்டு, முகத்துல தண்ணியை அடிச்சுட்டுக் கீழே போயிடுச்சு. படகோட்டி அண்ணன் அன்னைக்கு ஒண்ணும் கிண்டல் பண்ணலை.

ராடு வாங்கப் போறவங்க இந்த வாரம் அந்த 5 லிட்டர் கேனைத் தூக்கிப் பாருங்க. எத்தனை கிலோ வரைக்கும் முடிஞ்சதுன்னு எனக்கு மெயில் பண்ணுங்க, கூடவே உங்க உயரத்தையும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல எஃப்.ஜி. முடிச்சு. அதுலயும் நான் ரெண்டு மீனைக் கோட்டை விட்டிருக்கேன், அந்தக் கதையோட வர்றேன்.