பேழையும் திறவுகோலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில் கணினியைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் வியக்கலாம். ஆனால் ஊரை விட்டு நெடுந்தொலைவில், இம் மும்பை மாநகரில் குடியிருக்கும் நமக்கு, ஊரோடுள்ள தொடர்பில் பெரும்பகுதி இன்று அப்பொறியின் வழியாகவே நடைபெறுகிறது. பொங்கலுக்குச் செல்லும் ரயில் டிக்கெட், ஊரிலுள்ள பூட்டிய வீட்டின் மின்கட்டணம், பெற்றோர்க்கு அனுப்பும் பணம், வருங்கால வைப்பு நிதி, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் ஆகிய ஒவ்வொன்றிற்கும் ஒரு கடவுச்சொல் வேண்டியிருக்கிறது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில், ஃபெர்னாண்டோ கார்பாட்டோ என்பாரும் அவர்தம் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஓர் ஏற்பாட்டைச் செய்தனர். ஒருவர் கோப்பினை மற்றொருவர் பாராதிருக்கும் பொருட்டு ஆளுக்கொரு கடவுச்சொல்லும் வழங்கினர். அன்று ஆளுக்கு ஒன்று போதுமாயிருந்தது. இன்றோ ஒரு குடும்பத்துக்குரியவற்றை எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா. எல்லாவற்றையும் நினைவில் நிறுத்தல் இயலாது. எல்லாவற்றிற்கும் ஒரே சொல்லை வைத்தலோ பெருங்கேடு. ஆதலின் 'பாஸ்வேர்டு மேனேஜர்' என்னும் பேழை தோன்றிற்று. அதற்குள் எல்லாக் கடவுச்சொற்களும் மறைமொழியாகப் பூட்டப்பெற்றிருக்கும். அதைத் திறக்கும் தலைமைக் கடவுச்சொல் ஒன்றை மட்டும் நாம் நினைவில் வைத்தால் போதும். டொமினிக் ரைக்கல் என்னும் செருமானியர் 2003-இல் வெளியிட்ட 'கீபாஸ்' என்பது இவ்வகையில் விலையின்றிக் கிடைக்கும் பெயர்பெற்ற ஒன்று.

இப்பேழையை உடைய கணினி ஒருநாள் உயிரற்றுப் போகிறது. அப்போது செய்யத்தக்கது யாது? இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

முதற்கண் ஒன்றும் செய்யாதிருத்தலே நன்று. கணினி நின்றவுடன் அண்டை வீட்டு இளைஞரை அழைத்து, 'விண்டோஸை மறுபடி ஏற்றித் தாரும் தம்பி' என்று சொல்வது நம் குடியிருப்புகளில் வழக்கமாகிவிட்டது. அது பழைய வீட்டினுள் பொருள் இருக்கும்போதே அவ்வீட்டை இடித்துப் புதுவீடு கட்டுதல் போன்றது. கணினி நின்றது எனில், உள்ளிருக்கும் வட்டும் அழிந்தது என்று பொருளன்று. மின்வழங்கியோ தாய்ப்பலகையோ திரையோ பழுதாகியிருக்கலாம். அந்நிலையில் வட்டினைக் கழற்றி, யு.எஸ்.பி. உறை ஒன்றில் இட்டு வேறொரு கணினியில் இணைத்தால், கோப்புகள் அப்படியே கிடைப்பதுண்டு. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் 'பிட்லாக்கர்' முறையால் பூட்டப்பெற்றுள்ளது. அதனைத் திறக்க 48 இலக்கங்கொண்ட மீட்பு எண் வேண்டும். அவ்வெண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். அக்கணக்கின் கடவுச்சொல் பேழைக்குள்ளேயே இருந்தால் என்னாகும் என்பதை நீங்களே உய்த்துணரலாம்.

சுழலும் வட்டிலிருந்து 'கிளிக், கிளிக்' என்று ஓசை கேட்குமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடல் வேண்டும். சுழலுந்தோறும் சேதம் பெருகும். அதன்பின் அது மீட்புப் பணியில் தேர்ந்தார் கைக்கு உரியது. சுழலாத புதுவகை வட்டாகிய எஸ்.எஸ்.டி.யிலோ, அழிக்கப்பட்ட கோப்பினை மீட்பது பெரும்பாலும் இயலாது. அழிக்கப்பட்ட இடத்தை அவ்வட்டே துடைத்துவிடும்.

வட்டே போயிற்று, ஆயின் காப்புப்படி ஒன்று பென்டிரைவில் உள்ளது என்று கொள்வோம். அதனை உடனே திறந்து எழுதத் தொடங்குதல் கூடாது. முதலில் அதற்கு ஒரு படி எடுத்து, அப்படியை மட்டுமே திறத்தல் வேண்டும். ஒன்றே ஒன்றாய் எஞ்சிய பொருளைக் கையாளும் முறை அதுதான். கீபாஸின் பேழை 'கேடிபிஎக்ஸ்' என்னும் விகுதியுடைய ஒரே கோப்பு. பல படிகள் கிடைத்தால் நாள் பார்த்துப் புதியதை முதலிலும், அது சிதைந்திருந்தால் அதற்கு முந்தியதை அடுத்தும் முயலலாம்.

இனி இவ்வுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம். காப்புப்படி என்பது ஒரு பொருளன்று. பேழை ஒன்று, திறவுகோல் ஒன்று என இரண்டாம். நம்மவர் முன்னதைப் போற்றுகின்றனர், பின்னதை மறக்கின்றனர்.

கீபாஸில் தலைமைக் கடவுச்சொல்லோடு 'திறவுகோற் கோப்பு' ஒன்றையும் சேர்த்துப் பூட்டலாம். பேழையைப் பென்டிரைவில் வைத்தவர் அக்கோப்பைப் பழைய கணினியிலேயே விட்டிருந்தால் பேழை இரும்புத்துண்டே. மற்றொரு முறையும் உண்டு. விண்டோஸ் பயனர் கணக்கையே திறவுகோலாக்குவது. வசதியானது என்று எண்ணி இதனைத் தேர்ந்தவர் படும்பாடு கொஞ்சமன்று. கணினி பழுதானபின் புதுக் கணினியில் அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் உடைய கணக்கொன்றைப் படைத்தாலும் பேழை திறவாது. பெயர் ஒன்றாயினும் கணக்கு வேறு. உள்ளே மறைந்திருந்த திறவுகோல் பழைய கணக்கோடு போயிற்று. அக்கணக்கின் காப்புப்படியும் இருந்தாலன்றி வழியில்லை. குடும்பக் கணினிக்கு இம்முறை வேண்டா என்பதே நம் துணிபு.

இணைய உலாவியிலேயே கடவுச்சொற்களைச் சேமிப்போர்க்கும் இதுவே கதை. ஃபயர்பாக்ஸில் 'லாகின்ஸ்.ஜேசன்' என்னும் கோப்பில் கடவுச்சொற்களும், 'கீ4.டிபி' என்னும் கோப்பில் அவற்றின் திறவுகோலும் தனித்தனியே உள்ளன. உலாவியை மூடிவிட்டு இரண்டையும் ஒருங்கே புதுக் கணினியில் உரிய இடத்தில் வைத்தால்தான் பயன் உண்டு. விண்டோஸிலுள்ள குரோமின் கோப்பை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டு சென்றால் அது படிக்கத்தகாத எழுத்துக் குவியலே. கூகுள் கணக்கோடு முன்பே இணைத்து வைத்திருந்தவர்க்கு மட்டும் அவை தாமே திரும்பி வரும்.

பிட்வார்டன் போன்று இணையத்தில் பேழையை வைப்பன உள. அவற்றில் கணினி வீழ்ந்தாலும் பேழைக்கு ஊறில்லை. ஆயினும் தலைமைக் கடவுச்சொல்லை மறந்தவர்க்கு அந்நிறுவனத்தாரும் அதனைச் சொல்ல இயலாது. அவர்கள் அதனை அறியார். அதிலிருந்து காப்புப்படி எடுக்குங்கால், அக்கணக்கில் மட்டுமே திறக்கும் படி, தனிக் கடவுச்சொல்லால் எங்கும் திறக்கும் படி என இருவகை உண்டு. கணக்கே போய்விட்டால் முன்னது பயன்படாது. பூட்டில்லாத வெற்றுப் படியும் எடுக்கலாம். அதனை மின்னஞ்சலில் போட்டு வைத்தல் வீட்டுச்சாவியைத் தெருவாயிலில் தொங்கவிடுதலை ஒக்கும்.

திறவுகோலை இழந்தார் நிலைக்கு ஸ்டெஃபான் தாமஸ் என்னும் நிரலாளர் சான்றாவார். ஓர் அசைபடம் ஆக்கியதற்காக 2011-இல் 7002 பிட்காயின்களைப் பெற்றார் அவர். அவற்றின் திறவுகோல் இருந்த சிறு சேமிப்புக் கருவி அவர் கையிலேயே இருந்தது. அக்கருவியின் கடவுச்சொல்லை எழுதிய தாள் மட்டும் தொலைந்தது. பத்து முறை தவறினால் கருவி தன்னைப் பூட்டிக்கொள்ளும். 2021 சனவரியில் செய்தி வெளிவந்தபோது எட்டு முறை கழிந்திருந்தது. அவர் இழந்தது கருவியன்று, ஒரு துண்டுத் தாள்.

ஆதலின் தாளை இகழ வேண்டா. கணினியோடு பழகியோர் 'கடவுச்சொல்லைத் தாளில் எழுதாதே' என்பர். அலுவலக மேசைமேல் ஒட்டிவைப்பதற்கு அது பொருந்தும். வீட்டு இரும்புப் பெட்டிக்குள் ஒட்டிய உறையில் இருக்கும் தாளை எந்த அயல்நாட்டுத் திருடனும் இணையவழி எடுக்க மாட்டான். கீபாஸே புதுப் பேழை அமைக்கும்போது 'அவசரத் தாள்' ஒன்றை அச்சிட்டு நிரப்பி வைக்கச் சொல்கிறது. அதில் பேழை எங்குள்ளது, திறவுகோற் கோப்பு எங்குள்ளது, தலைமைக் கடவுச்சொல் யாது என்பன இருத்தல் வேண்டும்.

இரண்டாவது உறை எங்கே? 2005 சூலை 26 நமக்கு மறக்குமா? சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த அன்று, தரைத்தளத்தில் குடியிருந்தோர் வீட்டில் கணினியும் அதனருகே வைத்த குறுந்தகடுகளும் ஒரே நீரில்தான் மிதந்தன. கணினியும் காப்புப்படியும் ஒரே அலமாரியில் உறங்குமாயின் இரண்டும் ஒன்றே. ஊரில் அண்ணன் வீட்டிலோ, வங்கிப் பெட்டகத்திலோ ஒரு படி இருக்கட்டும். பென்டிரைவை எந்நேரமும் கணினியில் செருகியே வைத்திருப்பதும் தகாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சுநிரல் புகுந்தால் அதனையும் சேர்த்தே பூட்டும்.

காப்புப்படிக்குப் பிறகு மாற்றிய கடவுச்சொற்கள் அதில் இரா. அவற்றை ஒவ்வொரு தளத்திலும் 'மறந்துவிட்டேன்' என்னும் வாயிலின் வழியே புதுப்பிக்க வேண்டும். அவ்வாயில்கள் எல்லாம் மின்னஞ்சலுக்கும் கைப்பேசிக்குமே கொண்டு செல்வதால், முதலில் மின்னஞ்சல் கணக்கை மீட்டல் வேண்டும். வங்கி அதன் பின்னரே. பழுது பார்ப்பவர் எவ்வளவு நல்லவராயினும் அவரிடம் தலைமைக் கடவுச்சொல்லைக் கூறுதல் வேண்டா. கோப்பை எடுத்துத் தருவது அவர் வேலை. திறப்பது நம் வேலை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பல வீடுகளில் இப்பேழை கணவர் ஒருவருக்கே தெரிந்த பொருளாக இருக்கிறது. அவர் மருத்துவமனையில் கிடக்கும் நாளில் காப்பீட்டு எண்ணைத் தேடி யாரிடம் செல்வீர்கள்? அவ்வுறை எங்குள்ளது என்று இன்றிரவே கேளுங்கள். 'உனக்கெதற்கு அது?' என்பாரேல், இம்மேடையில் சொன்னார்கள் என்று எங்கள் மீது பழியைப் போடுங்கள்.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. திறந்து பாராத காப்புப்படி காப்புப்படி அன்று. ஆயுத பூசையன்று கணினிக்கும் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மறுநாள் விசயதசமியன்று, வீட்டிலுள்ள வேறொரு கணினியில், உறையிலுள்ள தாளை மட்டும் கொண்டு, பேழையை ஒருமுறை திறந்து பாருங்கள். உறைக்குரியவர் அருகில் வாய்திறவாமல் அமர்ந்திருக்க, மனைவியோ மகளோ திறக்கட்டும். திறந்தால் உறையின் மேல் அன்றைய தேதியை எழுதி மீண்டும் ஒட்டி வையுங்கள். திறவாவிட்டால் பழைய கணினி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது; அன்றே புதுப்படி எடுத்துக்கொள்ளலாம்.