பட்டறையிலிருந்து பாராளுமன்றத்திற்கு...

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

காஸாவில் நடப்பது இனப்படுகொலை என்று 2024 பிப்ரவரியில் உரத்துச் சொன்னார் பிரேசில் அதிபர் லூலா. இஸ்ரேல் அவரை வேண்டாத மனிதர் என்று அறிவித்தது. நம் இளைஞர்கள் அவர் படத்தை ஊரெல்லாம் பரப்பி மகிழ்ந்தார்கள். மகிழட்டும்! ஆனால் அந்த மனிதர் எங்கிருந்து புறப்பட்டு வந்தார் என்று எத்தனை பேர் விசாரித்தீர்கள்?

அவர் கத்தோலிக்கர். 1945இல் வறண்ட வடகிழக்குப் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1952இல் தாய் தன் பிள்ளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, 13 நாள் பயணம் செய்து தெற்கே கூட்டி வந்தார். பையன் காலணிக்குப் பாலிஷ் போட்டான். பிறகு கடைசல் வேலை பழகினான். இருபது வயது ஆகுமுன்பே இரவு ஷிப்டில் இயந்திரம் இடது கைச் சுண்டுவிரலைக் கொண்டுபோய்விட்டது.

அப்போதும் அவருக்கு அரசியல் தெரியாது. பந்தாட்டமே போதும் என்றிருந்தவரைத் தொழிற்சங்கத்துக்கு இழுத்து வந்தவர் அவருடைய அண்ணன். 1975இல் தம்பி சாவோ பெர்னார்டோ உலோகத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். அதே ஆண்டு இராணுவ ஆட்சி அண்ணனைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. தன் பயம் அத்தோடு போய்விட்டது என்று லூலாவே பின்னர் சொல்லியிருக்கிறார்.

1978 மே மாதம் ஸ்கானியா லாரித் தொழிற்சாலையில் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்கள். வேலைநிறுத்தமே குற்றம் என்றிருந்த காலம் அது! மறு ஆண்டு மைதானத்தில் கடல்போல் கூட்டம். ஒலிபெருக்கி இல்லை. மேசைமேல் ஏறி நின்று லூலா பேசுகிறார். முன்வரிசை அதைத் திருப்பிச் சொல்ல, அடுத்த வரிசை வாங்கிச் சொல்ல, கடைசி ஆள்வரை பேச்சு போய்ச் சேருகிறது. மைக் இல்லாத காலத்தில் பெருநாள் தொழுகையில் இமாமின் தக்பீர் பின்வரிசைக்குப் போகுமே, அப்படி! இன்று நமக்கு நான்கு திசையிலும் ஒலிபெருக்கி இருக்கிறது. வாங்கிச் சொல்ல வரிசைதான் இல்லை.

'சங்கத்தில் அரசியல்வாதிக்கு என்ன வேலை?' என்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஏன் கட்சி தொடங்கினார்? தொழிலாளர் பிரச்சினைக்காகத் தலைநகர் பிரேசிலியாவுக்குப் போனார். அங்கே நானூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த சபையில் தொழிலாளியாக இருந்து வந்தவர்கள் இரண்டே பேர். சட்டம் செய்கிற இடத்தில் நம் ஆள் இல்லாமல் வாசலில் நின்று கத்தி என்ன பயன்? 1980 பிப்ரவரி 10இல் தொழிலாளர் கட்சி பிறந்தது. ஏப்ரலில் மீண்டும் வேலைநிறுத்தம். 41 நாள்! அரசு சங்கத்தைப் பறித்துக்கொண்டு லூலாவைச் சிறையில் அடைத்தது. கூட்டம் போட இடமில்லாதபோது தேவாலயங்கள் கதவைத் திறந்துவிட்டன. பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு உணவு திரட்டின. அவர் சிறையில் இருந்த 31 நாளுக்குள் தாய் இறந்தார். காவலோடு போய் அடக்கத்தில் கலந்துகொண்டார். கோரிக்கை நிறைவேறாமலே தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

தோல்வி அத்தோடு நிற்கவில்லை. 1982இல் ஆளுநர் தேர்தலில் நான்காமிடம். 1986இல் பாராளுமன்ற உறுப்பினர். 1989, 1994, 1998 மூன்று அதிபர் தேர்தலிலும் தோல்வி. 2002இல்தான் வெற்றி. நம்மவர்கள் ஒருமுறை டெபாசிட் போனால் போதும், மறுவாரமே மூன்று அமைப்பாகப் பிரிந்து மூன்று லெட்டர்பேடு அடித்துவிடுவார்கள்!

அவர் கட்சி குற்றமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 2005இல் எழுந்த இலஞ்சப் புகாரில் அதன் பெரிய தலைகளே தண்டிக்கப்பட்டார்கள். லூலாவும் 2018 முதல் 580 நாள் சிறையிலிருந்தார். 2021இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை இரத்துச் செய்தது, 2022இல் மீண்டும் வென்றார். நான் காட்ட வந்தது அவர் நடந்து வந்த பாதையை. முதலில் உடன் வேலை செய்கிறவனின் சம்பளத்துக்காக நின்றார். ஓட்டு கேட்டது பிறகு.

நம் இளைஞர்களில் சீட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் பலர். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் ஆபத்தான வேலை செய்கிறவனுக்கு பி.எஃப். பிடிக்கப்படுகிறதா, காயம் பட்டால் ஈ.எஸ்.ஐ. கிடைக்கிறதா என்று கேட்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? சங்கம் என்றாலே சிவப்புக் கொடிக்காரர்களின் வேலை என்று ஒதுங்குகிறோம். மத்யனில் மூஸா (அலை) அவர்கள் எட்டாண்டு ஒப்பந்தம் பேசி ஊழியம் செய்ததை குர்ஆனில் ஓதிக்கொண்டேதான் ஒதுங்குகிறோம்!

வணிகப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். கடையில் வேலை செய்கிறவர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழக அரசு 2021இலேயே சட்டம் திருத்திவிட்டது. உங்கள் கடையில் இருக்கிறதா? சமுதாயத்தின் அரசியலுக்கு நீங்கள் தரும் நன்கொடையை விட, கடைப் பையனுக்குத் தரும் ஒரு ஸ்டூல் அதிக ஓட்டு சேர்க்கும்.

இஷா தொழுகைக்குப் பிறகு வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்போம். சம்பள பாக்கி, பி.எஃப்., வேலையிடத்துக் காயம் எதுவானாலும் எழுதிவிட்டுப் போங்கள். எந்த மதத்துக்காரராக இருந்தாலும் சரி, உடன் வேலை செய்கிறவரையும் அழைத்து வாருங்கள். வஸ்ஸலாம்.