தில்லிக்கு மூன்று ராத்திரி
(குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் தவறு போட்ட ஒரு விடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்பில் சராசரி வேகம் நடத்தி முடித்து, கேள்வி ஒன்று கொடுத்தேன். சென்னையிலிருந்து புதுதில்லிக்கு ரயில் வழி 2,182 கி.மீ. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 33 மணி நேரத்தில் போய்ச் சேருகிறது. வேகம் என்ன? மணிக்கு 66 கி.மீ. எல்லாரும் எழுதிவிட்டார்கள். அடுத்த கேள்வி, ‘தில்லி போக எவ்வளவு நேரம் ஆகும்?’ 33 மணி என்ற விடையை எதிர்பார்த்துச் சும்மா கேட்டதுதான். ஒரு பையன் மட்டும் ‘மூன்று ராத்திரி’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் நானே கூப்பிட்டு விசாரித்தேன். “எங்கப்பா தில்லியில முறுக்குக் கடையில இருக்காரு சார். வியாழக்கிழமை சாயங்காலம் ஊர்ல கெளம்புனா ஞாயித்துக்கிழமை விடியக்காலைதான் போய்ச் சேருவாரு” என்றான்.

கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். சாயங்காலம் குமாரலிங்கபுரத்தில் டவுன் பஸ். அருப்புக்கோட்டையில் இருந்து சென்னைக்கு ராத்திரி பஸ். வெள்ளிக்கிழமை காலையில் சென்னை. ரயிலோ சென்ட்ரலில் இரவு 10 மணிக்கு. அதுவரை பையைத் தலைக்கு வைத்து நடைமேடையில் கிடக்க வேண்டும். அதன்பின் விஜயவாடா, நாக்பூர், போபால், ஆக்ரா என்று ஒரு பகலும் இரண்டு இரவும். கூட்டினால் 60 மணி நேரம். ஊரிலிருந்து மொத்தத் தொலைவு சுமார் 2,700 கி.மீ. வகுத்தால் மணிக்கு 45.

சராசரி வேகம் என்பது மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுப்பது என்று நாம்தானே சொல்லிக்கொடுக்கிறோம்? அந்த ‘மொத்த’ என்ற சொல்லை நான் விட்டிருந்தேன், அவன் விடவில்லை. ரயிலுக்கு 66 சரி. அவன் அப்பாவுக்கு 45தான் சரி.

பிறகு ஒன்று சொன்னான். பொங்கலுக்கு அப்பாவுக்குப் பத்து நாள் லீவாம். போக 60, வர 60. 120 மணி நேரம். ஐந்து நாள் வழியிலேயே போய்விடுகிறது. இந்தக் கழித்தலை அவன் எந்த வகுப்பில் படித்தானோ தெரியாது, ஆனால் விரலை மடக்காமல் சொன்னான்.

விமானத்தில் சென்னை – தில்லி மூன்று மணி நேரத்துக்குள் என்பதையும் சொன்னேன். “ஏர்போர்ட்டுக்குப் போற நேரம் சார்?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். வகுப்பு சிரித்தது, எனக்குச் சந்தோஷம்.

அவன் நோட்டில் அடித்திருந்த குறியை மாற்றி, அருகே தேதியும் போட்டேன். இப்போது செயல்பாட்டுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன்: வீட்டு வாசலிலிருந்து அருப்புக்கோட்டை பேருந்து நிலையம் வரை, காத்திருந்த நேரத்தையும் சேர்த்துக் குறித்து வாருங்கள். பலருக்குக் காத்திருந்த நேரம்தான் அதிகம். பேருந்தின் வேகம் சைக்கிள் வேகத்துக்கு இறங்கிவிட்டது. மூன்று பேர் ‘சைக்கிளே மேல்’ என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.