வெற்று நிலத்தின் ஈரக் கணக்கு

(மானாவாரி வேளாண்மை குறித்த உரையின் எழுத்து வடிவம்)

இந்தியாவின் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழப் பாதி மழையை நம்பியே உள்ளது. அணைகளில் தேங்கும் நீர் நாள்தோறும் அளக்கப்படுகிறது. மண்ணில் தேங்கும் நீருக்கோ அத்தகைய கணக்கு அரிதாகவே வைக்கப்படுகிறது.

சோலாப்பூர், பிஜாப்பூர் வட்டாரங்களின் ஆழ்ந்த கரிசல் நிலங்கள் பல, மழைக்காலத்தில் விதைப்பின்றி விடப்பட்டு வந்துள்ளன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விதைக்கப்படும் ராபி சோளம், பெரும்பாலும் மண்ணில் சேர்ந்த ஈரத்தைக் கொண்டே கதிர் முற்ற வேண்டும். அந்த ஈரத்தின் அளவை அறியாது விதைக்கும் உழவர், விதையையும் உரத்தையும் கடனையும் ஒருசேரப் பணயம் வைக்கிறார்.

வெற்று நிலத்திலிருந்து நீர் ஆவியாவது இரு கட்டங்களில் நிகழ்கிறது. மேல்மண் நனைந்திருக்கும் வரை, இழப்பின் வேகத்தை வெயிலும் காற்றும் தீர்மானிக்கின்றன. மேற்பரப்பு உலர்ந்தபின் அதைத் தீர்மானிப்பது மண்ணே. நீர் கீழிருந்து நுண்துளைகள் வழியே ஏற வேண்டும். மண் உலர உலர அதன் நீர் கடத்தும் திறன் ஆயிரம் மடங்குக்கும் மேலாகக் குறையக்கூடும். 1931இல் ரிச்சர்ட்ஸ் வகுத்த சமன்பாடு இந்த ஓட்டத்தை விவரிக்கிறது. வெப்பநிலை வேறுபாட்டால் நீராவி நகர்வதையும் 1957இல் ஃபிலிப், டி விரீஸ் ஆகியோர் கணக்கில் சேர்த்தனர்.

இச்சமன்பாடுகளுக்குக் கணிப்பொறியும் நுட்பமான மண் அளவீடுகளும் தேவை. வட்டார அளவில், 1972இல் ரிச்சி வெளியிட்ட எளிய முறை போதிய பயன் தரும். அதன்படி, இரண்டாம் கட்டத்தின் மொத்த இழப்பு நாட்களின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே உயரும். முதல் 4 நாட்களில் 8 மி.மீ. இழப்பு எனக் கொண்டால், 16 நாட்களில் அது 16 மி.மீ. மட்டுமே. ஆனால் மண்ணின் மேற்பரப்பு மீண்டும் நன்கு நனையும்போது முதற்கட்டம் மறுபடி தொடங்கிவிடும். ஆகவே, சிறு சிறு மழைகளின் நீரில் பெரும்பகுதி வேர்மண்டலத்தை எட்டாமலே வீணாகிறது.

1 மி.மீ. ஈரம் என்பது ஹெக்டேருக்கு 10,000 லிட்டர் நீர். கிணறோ கால்வாயோ இல்லாத உழவருக்கு இதுவே மூலதனம்.

எனினும், கரிசல் மண் உலரும்போது பிளக்கிறது. வெடிப்புகள் வழியே ஆழத்து ஈரமும் வெளியேறுகிறது. வெடிப்பற்ற மண்ணுக்கு வகுத்த கணக்கு, இங்கு இழப்பைக் குறைத்துக் காட்டக்கூடும். ஆழமற்ற இடையுழவால் வெடிப்புகளை மூடுவது உழவர் முன்பே கண்ட வழி. கணக்கிட்ட ஈரத்தை விதைப்புக்கு முன் வயலில் மண் மாதிரி எடுத்துச் சரிபார்ப்பது விரிவாக்கப் பணியாளரின் கடமையாக வேண்டும். மழைமானி, ஆவியாதல் அளவி, மண் மாதிரி ஆகிய மூன்றும் சேர்ந்தால், விதைக்கலாமா, பொறுக்கலாமா என்ற கேள்விக்கு உழவருக்கு உரிய நேரத்தில் விடை கிடைக்கும். அதற்கு ஆகும் செலவு, ஒரு பருவத்தின் விதைப்பு பொய்த்தால் நேரும் இழப்பைவிடச் சிறிதே.