ஹெல்மெட்டுக்குள்ள யார்?

பழைய காமிக்ஸை இன்னைக்கு எடுத்துப் படிச்சா தாக்குப்பிடிக்குமா? அந்தக் கேள்விக்கு இந்த வாரம் மாட்டினது ‘ஜட்ஜ்மென்ட் டே’. 1953-ல் ஈசி காமிக்ஸோட ‘வியர்ட் ஃபேன்டஸி’ 18-வது இதழ்ல வந்த கதை. இதழ் விலை 10 சென்ட். எழுதினது ஆல் ஃபெல்ட்ஸ்டீன், வரைஞ்சது ஜோ ஆர்லாண்டோ. முடிவைச் சொல்லாம இதைப் பத்திப் பேசவே முடியாது. அதனால படிக்காதவங்க இங்கேயே பாஸ் பண்ணி, படிச்சுட்டு வந்துடுங்க.

சைப்ரீனியான்னு ஒரு கிரகம். முழுக்க ரோபோக்கள். அந்தக் கிரகத்தை அண்டக் குடியரசுல சேர்க்கலாமான்னு பார்க்க, பூமியிலிருந்து டார்ல்ட்டன்னு ஒருத்தர் வர்றார். கதை நெடுக ஹெல்மெட்டோடதான் இருக்கார், முகமே தெரியாது. ஒரு ஆரஞ்சு ரோபோ பெருமையா ஊரைச் சுத்திக் காட்டுது. நீல ரோபோக்கள் எல்லாம் எங்கேன்னு இவர் விசாரிச்சதும் அது நெளிய ஆரம்பிக்குது. நீலங்களுக்குத் தனி ஏரியா. பஸ்ல பின்பக்கம்தான் இடம்.

இன்ஜினியரிங் படிச்சவனா எனக்குப் பிடிச்ச இடம், ஃபேக்டரி. ரெண்டு வகை ரோபோவுக்கும் உள்ளே ஒரே பாகங்கள், ஒரே அசெம்பிளி. மேல மாட்டுற உறை மட்டும்தான் வேற நிறம். அதுக்கப்புறம் ஒரு மெஷின்ல வெச்சுப் பாடம் ஏத்துறாங்க பாருங்க, அங்கேதான் ரெண்டும் பிரியுது. ஹார்டுவேர் ஒண்ணுதான். ஏத்தின சாஃப்ட்வேர் ஒருத்தரை எஜமான் ஆக்குது, இன்னொருத்தரை எடுபிடி ஆக்குது. இத்தனைக்கும் அந்த வழிகாட்டி ரோபோ வில்லன் இல்ல. நான் வர்றதுக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு, நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்னு புலம்புது. எழுபது வருஷம் கழிச்சுப் படிக்கிற எனக்குச் சுருக்குன்னு பட்டது அந்தப் புலம்பல்தான்.

குடியரசுல சேர உங்களுக்கு இன்னும் தகுதி வரலைன்னு சொல்லிட்டு டார்ல்ட்டன் கிளம்புறார். கடைசிப் படத்துல ஹெல்மெட்டைக் கழற்றுறார். உள்ளே ஒரு கறுப்பினத்தவர். முகத்துல வேர்வை. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு வசனம் கிடையாது.

குறை இல்லாம இல்ல. ஃபெல்ட்ஸ்டீனுக்கு எழுத்து அதிகம். படத்துலயே தெரியுறதை மேல ஒரு கட்டம் கட்டி மறுபடி சொல்வார். அந்த எழுத்தும் கையால எழுதினது இல்ல, லீராய்ங்கிற வரைபடக் கருவி வெச்சுப் போட்டது. பார்த்தா டிராயிங் ஷீட் ஞாபகம்தான் வருது! டார்ல்ட்டன் கிளம்பும்போது பண்ற உபதேசமும் கொஞ்சம் நீளம்.

ஆனா இது வந்த நேரத்தைப் பாருங்க. மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு ஆரம்பிச்சது 1955 டிசம்பர்ல. அதுக்கு ரெண்டரை வருஷம் முன்னாடியே ஒரு 10 சென்ட் காமிக்ஸ் அந்த பஸ் சீட்டை வரைஞ்சிருச்சு.

1954-ல் செனட் துணைக்குழு விசாரணை நடந்து, பதிப்பாளர்களே காமிக்ஸ் கோடுன்னு ஒரு தணிக்கை முறை கொண்டுவந்தாங்க. 1956-ல் ‘இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ 33-வது இதழுக்குப் போன ஒரு கதையைக் கோடு நிராகரிச்சது. அந்த இடத்துல இந்தப் பழைய கதையைப் போடலாம்னு ஈசி முடிவு பண்ணினாங்க. தணிக்கைத் தலைவர் சார்லஸ் மர்ஃபி, முன்னாள் நீதிபதி. ஹீரோ கறுப்பினத்தவரா இருக்கக் கூடாதுன்னுட்டார். இனத்தைத் தாக்கக் கூடாதுன்னு அந்தக் கோடுலயே விதி இருக்குங்க! கதையே அந்த முகத்துக்காகத்தானேன்னு ஃபெல்ட்ஸ்டீன் வாதாட, சரி வேர்வையையாவது எடுங்கன்னு இறங்கி வந்ததா ஈசி தரப்புல பின்னாடி சொன்னாங்க. பதிப்பாளர் பில் கெய்ன்ஸ் அதுக்கும் மசியல. கதை அப்படியே அச்சாச்சு. ஈசி போட்ட கடைசி காமிக் புக் அதுதான். அதுக்கப்புறம் அவர் ‘மேட்’ பத்திரிகையோடயே நின்னுட்டார்.

என் தீர்ப்பு: கட்டத்துக்குள்ள இருக்கிற எழுத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கிட்டா, கதை அசராம நிக்குது.

வாங்கணும்னு தோணினா ஒண்ணு கவனிங்க. ஆர்லாண்டோ கதைகளை ஃபேன்டாகிராஃபிக்ஸ் இதே தலைப்புல தொகுப்பா போட்டிருக்காங்க. ஆனா அது கறுப்பு-வெள்ளை. கோடுகள் நல்லாத் தெரியும், வாஸ்தவம். ஆரஞ்சு-நீலம்னு ஒரு கதையை நிறமே இல்லாம முதல் தடவை படிக்கணுமா? கலர் பதிப்பு கிடைச்சா அதையே பிடிங்க.