உழைப்பும் ஒரு மருந்து

(யூபிலி விழாவின் மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாவுக்கு உழைத்தவர்களுக்கு நன்றி கூறும் பொறுப்பை விழாக் குழுச் செயலர் ஏற்றுக்கொண்டுள்ளார். எனவே நாம் ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேச விழைகிறோம். மனநோய் கண்டவருக்கு நம் ஊரில் என்ன இடம் என்பதே அப்பொருள். விழா மேடையில் பேசத் தக்கதா இது என்று சிலர் எண்ணக்கூடும். பழைய இஸ்ரயேலரின் யூபிலி ஆண்டில் அடிமைகள் தம் குடும்பத்துக்குத் திரும்பினர். கைவிட்டுப்போன நிலம் உரியவரிடம் திரும்பியது. யாரும் தம் இடத்துக்குத் திரும்பாமல் கொடியும் தோரணமும் மட்டும் இருந்தால் அது யூபிலி ஆகாது.

இம்மலையில் வளர்ந்த ஒருவரிலிருந்து தொடங்குவோம். பிராண்டு பாதிரியாரின் பெயரை நம் முதியோர் அறிவர். அவர் 1929-ல் காய்ச்சலுக்கு இம்மலையிலேயே உயிர் துறந்தார். அவருடைய துணைவியார் முதுமையிலும் மலை மக்களுக்குத் தொண்டு செய்து 1974-ல் மறைந்தார். அவர்கள் நம் திருச்சபையினர் அல்லர். ஆயினும் இம்மலை அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அவர்களின் மகன் பால் பிராண்டு 1914-ல் பிறந்து இங்கே வளர்ந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். ஆனால் விரல் நிமிர்ந்தவருக்கும் வேலை கொடுப்பார் இல்லை. கையைச் சீராக்கினால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று கண்டு, அவர்கள் தச்சு வேலை முதலியன பழக ஓர் இல்லத்தையும் வேலூரில் அமைத்தார்.

கைக்கு அவர் செய்ததை மனத்துக்குச் செய்தவர் டாக்டர் சாரதா மேனன் அம்மையார். 1923-ல் மங்களூரில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பட்டவர். 1794-ல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனைக்கு 1961-ல் தலைமை ஏற்று, 1978 வரை அப்பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் அந்த மதில்களுக்குள் போனவர் திரும்புவதில்லை என்பது மக்கள் பேச்சு. உறவினர் கொண்டுவந்து விட்டுப் போவர். குணமான பின் அழைத்துச் செல்ல வருவார் இலர். அம்மையார் நோயாளருக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதில் ஊக்கம் காட்டினார். ஓய்வு பெற்ற பின்னரும் ஓய்ந்திராமல், 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். 1992-ல் பத்ம பூஷண் விருது பெற்றார். 2021-ல் மறைந்தார்.

அந்நிறுவனத்தில் அவருக்குப் பின் நெடுங்காலம் தலைமை வகித்தவர் டாக்டர் ஆர். தாரா. சென்னையில் 1981 அளவில் முதன்முதலாக மனச்சிதைவு கண்ட 90 பேரை, மருந்து கொடுத்தோம், முடிந்தது என்று விட்டுவிடாமல், பத்து, இருபது ஆண்டுகள் கடந்தும் வீடு தேடிச் சென்று கண்டறிந்தனர். உறங்குகிறாரா, உண்கிறாரா என்பதோடு, வேலைக்குப் போகிறாரா, மணவாழ்வு நிலைத்ததா என்றும் கேட்டனர். கண்டது என்ன? பெரும்பாலோர் நலம் பெற்றனர். இடையறாது நோயிலேயே கிடந்தவர் மிகச் சிலர். ஆண்களில் பலர் வேலையில் நிலைத்திருந்தனர். இந்நோய் வந்தவர் இனி எதற்கும் ஆகார் என்னும் பழைய எண்ணத்தை அந்த ஆய்வு பொய்யாக்கியது. திருப்போரூர் வட்டாரச் சிற்றூர்களிலும், பின்னர் புதுக்கோட்டை மாவட்டத்தில் மருத்துவ வண்டி வழியாகவும் இதே பணியைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றனர்.

இனி நம் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், சமவெளியில் வேறொரு பங்கில் நாம் இருந்தபோது, ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்தார். விசைத்தறியில் வேலை பார்த்த பையன். தனியே சிரிக்கிறான், சுவருக்குள்ளிருந்து யாரோ பேசுவதாகச் சொல்கிறான் என்றார். நாம் தலையில் கை வைத்துச் செபித்தோம். ஒன்பது வெள்ளிக்கிழமை நவநாளுக்கு வரச் சொன்னோம். மருத்துவரிடம் போங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. கலியாணம் செய்து வைத்தால் சரியாகும் என்று ஊரார் கூறியபோதும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

செவிலியராகிய ஓர் அருட்சகோதரி அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மாத்திரையால் குரல்கள் அடங்கின. ஆனால் தறி முதலாளி மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. "சாமி, மாத்திரை இருக்கு, வேலைதான் இல்லை" என்று அந்தத் தாய் நம்மிடம் வந்து அழுதார். நாம் ஒரு கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. நேரில் சென்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பின்பு நமக்கு மாற்றலாயிற்று. பகலெல்லாம் திண்ணையில் சும்மா இருந்த அவன், மாத்திரையையும் நிறுத்திவிட்டு ஒருநாள் வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று பின்னர் அறிந்தோம். அந்தத் தாய் இன்றும் வாசலில் விளக்கை அணைப்பதில்லையாம்.

இம்மலையிலும் அத்தகைய வீடுகள் உள்ளன. பெயர் சொல்ல மாட்டோம், உங்களுக்கே தெரியும். ஆகவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, சொல். "பைத்தியம்", "பேய் பிடித்தவன்" என்னும் சொற்கள் இனி நம் வாயில் வேண்டாம். செபிக்க வாருங்கள், நாமும் உடன் செபிப்போம். ஆனால் மருத்துவரைப் பார்த்தீர்களா என்று இனி முதலில் கேட்போம்.

இரண்டாவது, துணை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மருந்து வாங்கி வர ஒருநாள் கூலி போய்விடுகிறது. பஸ் செலவு வேறு. கூட வருவாரும் இல்லை. 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் முதல் மாவட்டங்களுள் நம் அண்டையிலுள்ள திருச்சி ஒன்று. மனநல மருத்துவம் இன்று நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. பயணச் செலவைப் பங்கு ஏற்கும். உடன் செல்ல மாதம் ஒரு நாள் தர இளைஞர்கள் முன்வர வேண்டும். இரவில் மனம் உடைந்தவர் பேச, 2022 முதல் நடுவண் அரசு நடத்தும் 14416 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு.

மூன்றாவது, வேலை. மிளகுத் தோட்டமும் காப்பித் தோட்டமும் உடையவர்களைக் கேட்கிறோம். மாத்திரை உண்பவருக்குத் தூக்கக் கலக்கம் இருக்கலாம். ஆகவே சவுக்கு மரத்தில் ஏணி வைத்து மிளகு பறிக்க அவரை அனுப்ப வேண்டாம். தாழ்ந்த கிளையில் காப்பிப் பழம் பறிக்கலாம். களத்தில் மிளகு காயவைக்கலாம். மரவள்ளிக் கிழங்கைத் தரம் பிரிக்கலாம். முதலில் அரை நாள் போதும். தினமும் ஒரே நேரம், ஒரே வேலை என்றிருந்தால் மனம் நிலைகொள்ளும். ஒருநாள் வராவிட்டால் நீக்கிவிடாமல், வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். செய்த வேலைக்குச் சோறு மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். மற்றவர் பெறும் கூலியையே அவர் கையில் கொடுங்கள். தாமே ஈட்டிய காசைத் தாயிடம் கொடுக்கும் மனிதரை ஊர் வேறு கண்ணோடு பார்க்கும்; அவரும் தம்மை வேறு கண்ணோடு பார்ப்பார்.

இடம் தர விரும்புவோர் நாளைக் காலைப் பூசைக்குப் பின் நம்மைக் காணுங்கள். இம்முறை நாம் கடிதம் எழுதப் போவதில்லை. உங்கள் தோட்டத்துக்கு நாமே நேரில் வருவோம்.